எட்டு வாளிகள்

நவம்பர் 9

மொட்டை மாடியில் இருந்த கடைசித் தக்காளிச் செடியும் போய்விட்டது. இலை ஓரமெல்லாம் கருகி, தொட்டி மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திநான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதைச் செடிக்கு ஊற்றுவதும் கடலை மொண்டு ஊற்றுவதும் ஒன்றுதான் என்று மெட்டில்டாவிடம் அப்போதே சொன்னேன். அவள் கேட்கவில்லை. இன்றைக்குத் தொட்டியைக் கவிழ்த்தபடி, "தூத்துக்குடியில வளந்தா தக்காளிகூட கருவாடாத்தான் ஆவும் போலளா" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

இந்த வீட்டில் முன் பகுதியில் நான் தனியாக இருக்கிறேன். பின் பகுதியில் மெட்டில்டா. அவள் கணவர் கப்பலில் இன்ஜின் பிரிவில் இருக்கிறார், வருடத்தில் இரண்டு மாதம்தான் கரையில். பத்தொன்பது வருடமாக இரவுச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பில்தான்.

நவம்பர் 17

மண்ணே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, அதில் உரத்தைக் கரைத்து, மோட்டாரால் வாளிகளுக்கு ஏற்ற வேண்டும். வாளியில் தென்னை நார்க்கழிவும் பொடி ஜல்லியும் இருக்கும். வேர் குடித்தது போக மிச்சம் வடிந்து திரும்ப டிரம்முக்கே வரும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு வீணில்லை.

மெட்டில்டாவிடம் பேப்பரில் வரைந்து காட்டினேன். "நீ சொன்னா சரிதான்" என்றாள். அவள் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

நவம்பர் 24

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை வேலை. பெயின்டரிடம் வாங்கிய எட்டு காலி வாளிகளையும் தேய்த்துக் கழுவினோம். அடியிலிருந்து இரண்டங்குலம் விட்டு ஒவ்வொன்றிலும் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, முழங்கைக் குழாயைச் செருகி, எல்லாவற்றையும் ஒரு நீளக் குழாயில் சேர்த்தோம். மூன்றாவது வாளி ஒழுகியது. வாஷரை மாற்றினோம், அப்புறமும் ஒழுகியது. துளை கோணலாக விழுந்திருந்தது. அது மெட்டில்டா போட்ட துளை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, வடிகுழாயில் தண்ணீர் தேங்கி நின்றது. டிரம் பக்கம் சரிவு போதவில்லை. மறுகோடியில் செங்கல்லுக்கு மேல் இன்னொரு செங்கல் வைத்தோம். ஏர் கூலருக்குப் போடுகிற சின்ன மோட்டாரை டிரம்முக்குள் இறக்கி சுவிட்சைப் போட்டேன். எட்டு வாளியிலும் சொட்டி, கீழே வடிந்து, திரும்ப டிரம்மில் விழுகிற சத்தம் கேட்டது. மெட்டில்டா கை தட்டினாள். ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனி வால்வு வைத்தது என் யோசனை.

டிசம்பர் 1

காலியாகக் கிடந்த மாடிப் பகுதிக்கு ஆள் வந்தாயிற்று. ரோகிணி என்று பெயர். முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. விவசாயப் பட்டப்படிப்பு படித்திருக்கிறாளாம். வந்த அன்றே மெட்டில்டா ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டிசம்பர் 4

ரோகிணி வாளிகளைப் பார்க்க வந்தாள். குனிந்து, நிமிர்ந்து, குழாயைத் தட்டிப் பார்த்து, "அருமையா பண்ணியிருக்கீங்கக்கா, நானெல்லாம் படிச்சதோட சரிங்க" என்றாள். பிறகு, "வாளி வெள்ளையா இருக்குதுங்களே, வெளிச்சம் உள்ள போனா பாசி புடிச்சுக்குமுங்க. கறுப்புப் பெயின்ட் அடிச்சு, சூடேறாம இருக்க அதுக்கு மேல வெள்ளை அடிச்சுட்டா ஆச்சுங்க" என்றாள்.

பாசி பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். சொல்வதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 7

நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் அவர்கள் இருவரும் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். மெட்டில்டாவின் மூக்கில் கறுப்பு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக அடிக்கலாம் என்றுதான் பேச்சு.

டிசம்பர் 8

நாற்று வைத்தோம். ஆறு தக்காளி, இரண்டு கத்தரி. உரத்தை நான்தான் தராசில் நிறுத்துக் கரைத்தேன். இந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது.

டிசம்பர் 13

மெட்டில்டா மாலையிலிருந்து மேல் வீட்டில். எனக்குப் பசித்தது. சாப்பிட்டுவிட்டேன்.

டிசம்பர் 22

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மெட்டில்டா வீட்டில் அச்சு முறுக்கு சுடும்போது மாவில் அச்சை முக்கித் தருவது நான், எண்ணெயிலிருந்து எடுப்பது அவள். இன்று போனபோது அச்சு ரோகிணியின் கையில் இருந்தது. "வா வா, நீ உக்காரு, சின்னப் பிள்ளை கத்துக்கிடட்டும்" என்றாள் மெட்டில்டா. எனக்கும் கை வலிதான். உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. ரோகிணி சுட்டதில் பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

ஜனவரி 6

என் வால்வுகளை எடுத்துவிட்டார்கள். வால்வில் உரம் அடைத்துக்கொண்டு இரண்டு வாளிக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்று ரோகிணி சொன்னாளாம். எல்லாவற்றையும் ஒரே அளவுக் குழாயாக மாற்றி, பெரிய மோட்டார் போட்டு, மணிக்கு ஒரு தடவை தானாக ஓடி நிற்கிற டைமரும் மாட்டியிருக்கிறாள். எட்டு வால்வுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கதவுப் பிடியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

மாற்றிய பிறகு தண்ணீர் நன்றாகத்தான் போகிறது. எட்டுக்கும் ஒரே அளவு. டம்ளர் வைத்து அளந்து பார்த்தேன்.

ஜனவரி 12

பூ விட்டிருக்கிறது. மெட்டில்டா தன் மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் ரோகிணியுமா போட்டோம்" என்றாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும், "சுகிர்தாவும்தான்" என்றாள்.

ஜனவரி 30

முதல் தக்காளி. மெட்டில்டா ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். "பழுத்துதா? எப்ப பறிச்ச?" என்று கேட்டேன். "காலையில. ரோகிணி பாத்துட்டு கூப்பிட்டா. நீ காலேஜ் போயிருந்த" என்றாள். துண்டுகள் சாயங்காலமாகிவிட்டதால் தண்ணீர் விட்டிருந்தன. தோல் கொஞ்சம் தடிப்பு. சுமாரான தக்காளி.

பிப்ரவரி 5

கோயம்புத்தூரில் ஏதோ விவசாயக் கண்காட்சியாம். ரோகிணியும் அவள் கணவரும் போகிறார்கள், ரோகிணியின் அம்மா வீட்டில் தங்குகிறார்கள். கூட மெட்டில்டாவும்.

"உனக்கு லீவு கிடைக்காதுல்லா, அதான் கேக்கலை" என்றாள்.

எனக்கு முப்பத்தொரு நாள் லீவு கிடக்கிறது. அது அவளுக்குத் தெரியும், போன வாரம்தான் சொன்னேன்.

"செடியை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்ளா. எல்லாம் தானா ஓடும்னு ரோகிணி சொல்லுதா. டிரம்மும் நிறைச்சாச்சு."

பிப்ரவரி 7

இரவு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மெட்டில்டா நான் எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். போகும் முன் ரோகிணி மோட்டாரைக் கழுவி மாட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 8

தலைவலி. துணி துவைத்து வராந்தாவிலேயே காயப்போட்டேன். மாடிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 9

நல்ல வெயில். பிப்ரவரியிலேயே இப்படி. மாடிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 10

மாலை ஆறு மணிக்கு வந்துவிட்டார்கள். பையைக்கூட இறக்காமல் மெட்டில்டா நேராக மேலே போனாள். அவள் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கீழே கேட்டது.

போய்ப் பார்த்தேன். எட்டுச் செடியும் குச்சியில் கட்டிய இடத்திலிருந்து தொங்கின. காய்களெல்லாம் சுருங்கிக் கிடந்தன. மோட்டாரிலிருந்து குழாய் கழன்று, தண்ணீர் மேலே ஏறாமல் டிரம்முக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. மூன்று நாள். டிரம் நிறையத் தண்ணீர், வாளியில் ஒரு சொட்டு இல்லை.

ரோகிணி முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு அந்தக் குழாயைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கிளிப்பு போடலீங்க. கழுவீட்டு அப்படியே செருகீட்டேன். நாந்தானுங்க" என்றாள்.

"ரெண்டு மாசமா பிள்ளை மாதிரி பாத்தோமே" என்றாள் மெட்டில்டா. "ஒரு கிளிப்பு! இத்தனை படிச்சு என்னத்துக்கு?"

அவள் குரலை நான் இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 11

மெட்டில்டா என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். காபி போட்டுக் கொடுத்தேன். "உன் வால்வு இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்றாள். வால்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

ஒரே அடுப்பு. சாளை மீன் குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15

மெட்டில்டாவும் நானும் கடற்கரைக்குப் போய் வந்தோம். மாடிப்படியின் அடியில் ரோகிணி எதிரே வந்தாள், ஒதுங்கி நின்று வழி விட்டாள். மெட்டில்டா பேசவில்லை. நான் மட்டும் "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டேன். கேட்காமல் போனால் நன்றாக இருக்காது.

பிப்ரவரி 17

நன்றாகத் தூங்குகிறேன். நாளெல்லாம் தெம்பாக இருக்கிறது.

பிப்ரவரி 19

மாலையில் ரோகிணி என் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லோணும்னு இருந்தேனுங்கக்கா. ஆரம்பிச்சது நீங்க. டிரம்மு உங்க டிரம்மு. நாந்தான் நடுவுல வந்து அதை மாத்தி இதை மாத்திக் கெடுத்துப்போட்டேன். மெட்டில்டாக்கா மொகத்துல முழிக்கவே முடியலீங்க. இந்த ஊர்ல எனக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

அழுதாள். சத்தமே இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"பரவாயில்லம்மா. எல்லாருக்கும் மறதி வரும்" என்றேன் நான்.

போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்கதானுங்க என்கிட்ட நல்லாப் பேசறீங்க" என்றாள்.

பிப்ரவரி 20

இந்த நோட்டில் இரண்டு இடத்தில் மாடிக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். போனேன்.

எட்டாம் தேதி காலை துணியை மாடியில்தான் காயப்போட்டேன். வாளிகளில் சொட்டுகிற சத்தம் இல்லை. டைமரில் விளக்கு எரிந்தது, மோட்டார் உறுமியது, ஆனால் சொட்டு விழவில்லை. டிரம் மூடியைத் திறந்தேன். குழாய் கழன்று தனியாக மிதந்துகொண்டிருந்தது. கையை விட்டுச் செருகினால் முழங்கை நனையும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. "நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்ளா" என்றுதானே சொன்னாள், சரி, நான் எதையும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூடியை மூடிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி மாலை திரும்பப் போனேன். துணி எடுக்க இல்லை. துணியை முந்தின நாளே எடுத்துவிட்டேன். பார்க்கத்தான் போனேன். இலையெல்லாம் தொய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், மெல்லிசாக, சூடாக இருந்தது. அவர்கள் இந்நேரம் அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

பத்தாம் தேதி காலை கல்லூரிக்குப் போகும் முன்னும் போனேன். அப்போது மாட்டியிருந்தாலும் பாதி பிழைத்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நிறுத்தத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21

மெட்டில்டாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"குழாய் கழண்டு கெடந்ததை நான் பாத்தேன் மெட்டி."

"எப்ப?"

"நீங்க ஊருக்குப் போன மறுநாள்."

கத்தி நின்றது. "பாத்தியா? நெசமாவா?"

"ஆமா."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

என் முகத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் பதில் சொல்ல நான் சில வார்த்தைகள் வைத்திருந்தேன், முறுக்கு அச்சு, நீலப் புடவை, முப்பத்தொரு நாள் லீவு என்று. அவள் திட்டவில்லை.

"அந்தப் பிள்ளையை நான் என்ன பேச்சு பேசிட்டேன்" என்றாள். "நீயும் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்த."

பிறகு எழுந்து கையைக் கழுவினாள். "அவகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அடுப்பில் என் பங்குக்கும் சேர்த்து உலை கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடு என்று சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

மேலே போய் ரோகிணியிடம் சொன்னேன். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேதி வாரியாகச் சொன்னேன், ஆய்வக ரிப்போர்ட் மாதிரி.

"ஏனுங்கக்கா?" என்றாள். கோபமே இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

"நீ வந்த பெறகு மெட்டி என்னைக் கூப்பிடுறதில்லை."

ஐம்பத்தொரு வயதில் இதை ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்வது போல இருந்தது.

"அன்னிக்கு நான் அழுதப்பவும் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். ஓங்கி அடைக்கவில்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிப்ரவரி 28

யாரும் பேசுவதில்லை. இரவில் எனக்கு மட்டும் அரை டம்ளர் அரிசி போடுகிறேன்.

மார்ச் 2

செத்த செடிகளைப் பிடுங்கினேன். வாளிக்குள் வேர் பந்து மாதிரிச் சுற்றியிருந்தது. ஜல்லியைத் தனியே அலசி, நார்க்கழிவை வெயிலில் போட்டு, வாளிகளைத் தேய்த்தேன். ரோகிணி போட்ட ஒரே அளவுக் குழாய்களை அப்படியே விட்டுவிட்டேன். மோட்டாரில் குழாயைச் செருகி, கிளிப் போட்டு, திருப்புளியால் முறுக்கினேன். வெள்ளரி விதை போட்டேன். அலசியதிலேயே டிரம்மில் இருந்த மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது. கேன் தண்ணீர்தான்.

மார்ச் 9

மெட்டில்டா மேலே போகிறாள். ரோகிணி வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. சிரிப்பு இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 16

ரோகிணி குடும்பம் துறைமுகக் குடியிருப்புக்கு மாறிவிட்டது. கணவருக்கு வீடு ஒதுக்கிவிட்டார்களாம். முன்பே எழுதிப் போட்டதா, என்னால்தானா என்று தெரியவில்லை. யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ரோகிணி முன் பகுதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெட்டில்டா தெரு முனை வரை கூடவே நடந்துபோனாள்.

மார்ச் 21

கல்லூரியிலிருந்து வந்ததும் மெட்டில்டா வாசலில் நின்றாள். "உன் சிலிண்டர் வந்துச்சு. என் வீட்டுல எறக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

ஒரு மாதத்தில் முதல் பேச்சு. இருவருமாக உருட்டி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். ரெகுலேட்டரை அவளே மாட்டிக் கொடுத்தாள். எனக்கு அது எப்போதும் சரியாக வராது. முகர்ந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றாள். போய்விட்டாள்.

மார்ச் 29

சனிக்கிழமைதோறும் மெட்டில்டா பஸ் ஏறி ரோகிணி வீட்டுக்குப் போகிறாள். மூன்று மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருகிறாள். நான் நேரம் பார்ப்பதில்லை.

பார்க்கிறேன்.

ஏப்ரல் 6

நேற்று மெட்டில்டா மாடிக்கு வந்தாள். வெள்ளரிக் கொடி பந்தலின் பாதி ஏறியிருந்தது. பிஞ்சு விட்டிருந்தது. மூன்றாவது வாளி இப்போதும் கொஞ்சம் கசிகிறது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது நான் போட்ட ஓட்டைதானே?" என்றாள். "ஆமா" என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். பிறகு, "நீ எதையுந்தான் சொல்ல மாட்டியே" என்றாள்.

கீழே போனாள்.

ஏப்ரல் 12

வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தேன். மெட்டில்டா வெளியே கிளம்புகிற புடவையில் மேலே வந்தாள். கையில் துணிப்பை.

"ஒரு அஞ்சு காய் குடு. ரோகிணிக்கு."

கூடையில் பதினொன்று இருந்தன. என் கை முதலில் வளைந்ததைத்தான் எடுத்தது. நுனி மஞ்சளாக இருந்த இன்னொன்றையும் எடுத்தது. மெட்டில்டா பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பொறாமை. இந்த வார்த்தையை இத்தனை மாதமாக நான் எழுதவில்லை. டிசம்பர் நான்காம் தேதியே எழுதியிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை. இவள் பஸ்ஸில் ஏறி அங்கே போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசப் போகிறாள் என்று நினைத்தாலே வளைந்த காயைத்தான் எடுக்கத் தோன்றுகிறது.

அந்த இரண்டையும் திரும்பக் கூடையில் போட்டேன். நேராக, பச்சையாக, காம்போடு இருந்த ஐந்தைப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்துப் பையில் வைத்தேன்.

"யார் குடுத்தான்னு சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"கேட்டா சொல்லு."

அவள் படியில் இறங்கத் தொடங்கியதும் கேட்டேன். "நானும் வரட்டா மெட்டி?"

நின்றாள். திரும்பவில்லை. பையின் காதுகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

தெருவில் இறங்கி அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பது மாடியிலிருந்து தெரிந்தது. பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. டிரம்மில் தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது. இரண்டு கேன் ஊற்றினேன்.